செவலைக் கன்றுக்குச் சாம்பல் தாள்

"செவப்புத் தாள் வேண்டாமுங்க சார். சாம்பல் எடுத்துக்கோங்க."

காகிதக் கடையில் நசுருதீனின் குரலைக் கேட்டதும் வெங்கடபதிக்கு வயிறு எரிந்தது. அவன் சென்னையில் ஓவியம் படித்தவன். கோயமுத்தூருக்கு வந்து ஒரு வருஷமாகிறது. ஆனால் மில்காரர் வீட்டு நாயா, குதிரையா, எல்லாவற்றையும் பேஸ்டல் வண்ணப் பென்சிலில் வரைந்து பேர் வாங்குவது எங்கும் படிக்காத இந்தக் கோட்டைமேட்டு ஆள்.

இந்த முறை சிங்காநல்லூர் பண்ணைக்காரர் லட்சுமணசாமி இருவரையுமே கூப்பிட்டுப் பிறந்து நாலே நாளான காங்கேயம் கன்றைக் காட்டியிருந்தார். செக்கச் செவேலென்று இருந்தது.

"மாட்டுப் பொங்கலுக்கு இன்னும் ஆறு மாசம் இருக்குதுங்க. அன்னைக்குக் கன்னைப் பக்கத்துல நிறுத்திப் பாப்பேன். எந்தப் படம் உரிச்சு வெச்சாப்புல இருக்குதோ, அவருக்குத்தான் தோட்டத்து மாடு அத்தனையும் வரையற வேலை," என்றிருந்தார்.

வெங்கடபதி செம்மண் நிறத் தாளைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான். நல்ல சொரசொரப்பு, பென்சில் வழுக்காது. கன்றின் மயிரில் பாதியைத் தாளே வரைந்துவிடும்.

"செவலைக் கன்னுக்குச் சாம்பலா? யாருக்குய்யா காது குத்துற?"

"அதில்லீங்க சார், அந்தக் கன்னு..."

"வேவு பார்க்க வந்தியா? வந்த வழியே போ."

கடையிலிருந்த செம்மண் தாள் பன்னிரண்டையும் வெங்கடபதியே வாங்கிக்கொண்டான். நசுருதீனுக்கு ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. நசுருதீன் எதுவும் வாங்காமல் வெறுங்கையோடு கிளம்பினான்.

வெங்கடபதி ஒரே வாரத்தில் படத்தை முடித்தான். மார்கழி பிறந்தும் நசுருதீன் பென்சிலைத் தொடவில்லை என்று கேள்விப்பட்டு நிம்மதியாகத் தூங்கினான்.

மாட்டுப் பொங்கலன்று தொழுவத்தில் இரண்டு படங்களையும் சாய்த்து வைத்தார்கள். நசுருதீன் வரைந்திருந்தது சாம்பல் நிறக் கன்று. வெங்கடபதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நிறமே தெரியாதவனுக்கா இத்தனை நாளும் பேர்?"

லட்சுமணசாமி தொழுவத்தின் உள்ளேயிருந்த மாட்டுக்காரனுக்குக் குரல் கொடுத்தார். "பங்காரு, கன்னை ஓட்டிட்டு வா."

வந்து நின்றது சாம்பல் நிறக் கன்று.

"இது வேற கன்னு," என்றான் வெங்கடபதி.

"அதே கன்னுதானுங்க," என்றார் லட்சுமணசாமி. "காங்கேயம் கன்னு செவப்பாத்தான் பொறக்கும். ஆறு மாசத்துல சாம்பலாயிரும். இந்தப் பக்கம் சின்னக் கொழந்தைக்கும் தெரியுமுங்களே."

நசுருதீன் தலையைச் சொறிந்தான்.

"எனக்குத் தாள் ஊட்டுலயே இருந்துச்சுங்க சார். நீங்க வெளியூர்க்காரரு, தெரியாம செவப்பு வாங்கிருவீங்கன்னுதான் அன்னைக்குக் கடைக்கே வந்தனுங்க."