நிபுணரின் பேனா

கடையை உடைத்துத் திருடியவன் விட்டுப்போன செருப்புத் தடம் கிழவரின் மகனுடையதுதான் என்று அடித்துச் சொன்ன அரசுத் தரப்பு நிபுணரைக் கோர்ட்டின் பின் பெஞ்சிலிருந்து முறைக்கிறார் அவர். படித்தவன் எவனையும் அவர் நம்புவதில்லை. மகனுக்காக வாதாடும் வக்கீலம்மாவையும் சேர்த்துத்தான். சன்னல் வெயில் அவளுடைய கறுப்பு அங்கியின் தோளில் ஏறிக் கிடக்கிறது. "தடத்தோட நீளத்த எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" என்று சாவகாசமாகக் கேட்கிறாள். "பக்கத்துல என் பேனாவ வச்சு போட்டோ எடுத்தேன். அதான் அளவு." "அந்தப் பேனாவ அளந்தீங்களா?" நிபுணரின் கை சட்டைப்பையைத் தொட்டுவிட்டு இறங்குகிறது. "இல்லைங்க. அது தொலஞ்சிடுச்சு." "அப்ப உங்க பேனா நீண்டா திருடன் காலும் நீளும், அப்படித்தானே?" மின்விசிறியின் கடகடப்பை மீறிச் சிரிப்பு எழுகிறது. நீதிபதி உதட்டை மடித்துக்கொண்டு எழுதுகிறார். "கெட்டிக்காரிதாம்மா இவ," என்கிறார் கிழவர், பக்கத்திலிருக்கும் மருமகளிடம். "மெதுவா பேசுங்க மாமா, உங்களையும் உள்ள தூக்கிப் போட்டுரப் போறாங்க," என்கிறாள் அவள், சிரிப்பை அடக்கமாட்டாமல். குற்றவாளிக் கூண்டில் நிற்கும் மகன், கம்பியை இறுக்கியிருந்த கையைத் தளர்த்தி, வாய் நிறையக் கொட்டாவி விடுகிறான். பிடித்துக்கொண்டு போன நாளிலிருந்து கண்மூடாத பயல். வாயைப் பொத்துடா என்று அதட்ட வாயெடுக்கும் கிழவருக்கும் கொட்டாவி தொற்றிக்கொள்கிறது.