வளைவில் நின்ற காலடி

தெருவுக்கு அடியில் போகும் இணையக் கேபிள்தான் எங்கள் ஆய்வகத்துக்கு நிலநடுக்கமானி. அதற்குள் ஒளியைச் செலுத்தினால், மண்ணின் சின்ன அசைவுகூடத் திரையில் கோடாக விழும். ஆனால் லாரி, நாய், ஆள் நடமாட்டம் என்று எல்லாமே விழுந்து தொலைக்கும். எங்கள் பாஷையில் அதற்குப் பெயர் குப்பை. அதைப் பெருக்கித் தள்ளினால்தான் பூமி பேசுவது கேட்கும். பெருக்குவது என் வேலை.

என் கணவரையும் தினமும் பெருக்கியிருக்கிறேன். சாயங்காலம் ஆய்வகத்துக்கு வந்து, அந்தக் கேபிள் போகும் வழியாகத்தான் என்னை வீட்டுக்குக் கூட்டிப்போவார். பெயருக்குத்தான் கூட்டிப்போவது. இடது காலை இழுத்து நடப்பவர், அப்படியும் எனக்கு நாலடி முன்னால்தான் போவார். "கொஞ்சம் நின்னாத்தான் என்னவாம்?" என்று கத்துவேன். மனிதர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

அவர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது.

இன்று காலை, பக்கத்து மேசைக்காரி நேற்றைய பதிவைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, நேத்து சாயங்காலம் யாரோட வீட்டுக்குப் போனீங்க?"

"தனியாத்தான்டி போனேன்."

"அப்ப உங்களுக்கு முன்னாடி நடக்கறது யாரு?"

எட்டிப் பார்த்தேன். ஒரு மிதி, ஒரு இழுப்பு. ஒரு மிதி, ஒரு இழுப்பு. நாலடி முன்னால்.

"குப்பைதானே, எடுத்துடட்டுமா?"

"இரு, எடுக்காதே."

கோட்டை விரலால் தொட்டபடியே போனேன். எங்கள் தெரு திரும்பும் வளைவில் அது நின்றிருந்தது. என் காலடி வந்து சேரும்வரை நகரவே இல்லை.