கடக்கிறவர்கள் கணக்கு

பதினோராவது தடவையாக அந்தப் பெண் நெடுஞ்சாலையைக் கடந்தாள்.

ஆறு வழிச் சாலை. நடுவில் இடுப்பளவுக்குத் தடுப்புச் சுவர். அதில் ஏறி அந்தப் பக்கம் குதித்தபோது, ஒரு லாரி கிறீச்சிட்டு ஒதுங்கியது.

“வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?” என்று டிரைவர் கத்திவிட்டுப் போனார்.

சாலையோரப் பஞ்சர் கடைக்காரருக்கு வேலையே ஓடவில்லை. தொட்டித் தண்ணீரில் டியூபை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, குமிழியைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போகும்போது தலையில் முக்காடு. வரும்போது முக்காடு இல்லை, கையில் ஒரு பை. காலையிலிருந்து இதே கூத்து.

‘கழன்ற கேஸு’ என்று முடிவு கட்டிவிட்டார். பன்னிரண்டாவது தடவை அவள் இந்தப் பக்கம் வந்ததும் பொறுமை போய்விட்டது.

“ஏம்மா, உசுரு என்ன கிள்ளுக்கீரையா? நீ பாட்டுக்கு அடிபட்டு விழுந்தா, சாட்சி சொல்ல நான்தான் அலையணும்!”

அவளுக்கு மூச்சு வாங்கியது.

“கோவிச்சுக்காதீங்கண்ணே. அதோ, அந்த சார் கணக்கெடுக்க வந்திருக்கார்ல...”

கொஞ்சம் தள்ளி, குடை நிழலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் ஒரு கண்ணாடிக்காரர். சாலையைப் பார்ப்பதும் மடியிலிருந்த அட்டையில் கோடு போடுவதுமாக இருந்தார்.

“இங்க நடைபாலம் கேட்டு மூணு தடவை மனு கொடுத்தேன். ‘எத்தனை பேர் கடக்கிறாங்கன்னு கணக்கு வரட்டும், ஆள் அதிகமா இருந்தா பார்க்கலாம்’னுட்டாங்க. இன்னிக்குத்தான்ணே வந்திருக்காங்க. கடக்கிற ஆளு ரொம்பக் கம்மியா இருக்கே!”

“அதுக்காக?”

“என் மூத்தவ இங்கதான் போனா. சைக்கிளோட. சின்னவ அடுத்த மாசம் அந்தப் பக்கம் இருக்கிற அதே பள்ளிக்கூடத்துல சேரணும்.”

போன வருஷம் அந்த நீலச் சைக்கிளை நடுச்சாலையிலிருந்து தூக்கிவந்து ஓரமாக வைத்தவர் பஞ்சர்காரர்தான். முன்சக்கரம் இரண்டாக மடங்கிக் கிடந்தது.

பஸ்ஸுக்கு நின்றவர்களிடம் ஓடினார். “ரெண்டு தடவை கடந்துட்டு வாங்கய்யா, புண்ணியமாப் போகும்.”

“உங்க வேலையைப் பாருங்க பெரியவரே” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஒட்டி முடித்திருந்த சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொண்டு அவரே சாலையில் இறங்கினார். தடுப்புச் சுவரில் அதைத் தோளில் தூக்கி இறக்கியபோது முழங்கால் சிராய்த்தது. ஒரு கார் சட்டையை உரசுவதுபோல் பறந்தது. அறுபது வயதில் இது தேவையா என்று ஒரு தடவைகூட அவருக்குத் தோன்றவில்லை.

வெயில் சாய்ந்தது. எட்டாவது தடவையாக அவர் இந்தப் பக்கம் வந்தபோது, கண்ணாடிக்காரர் நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தார். அவள் இன்னும் அந்தப் பக்கம், வண்டிகள் ஓயக் காத்து நின்றாள்.

“சார், மொத்தம் எத்தனை பேர் ஆச்சு?”

“எதுல?”

“ரோட்டைக் கடந்தவங்கதான் சார். நடந்து, சைக்கிள்ல...”

கண்ணாடிக்காரர் புரியாமல் அட்டையைத் திருப்பிக் காட்டினார். கார். வேன். பஸ். லாரி. டூவீலர். ஒவ்வொன்றுக்கு நேராகவும் கொத்துக் கொத்தாகக் கோடுகள்.

“நடக்கிறவங்களுக்கு, சைக்கிளுக்கெல்லாம் இதுல கட்டமே இல்லைங்களே! ரோட்டை எட்டு வழியா அகலப்படுத்தப் போறாங்க. அதுக்குத்தான் இந்தக் கணக்கு.”

பஞ்சர்காரர் சைக்கிளைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அதற்குள் கடந்து வந்துவிட்ட அவளுடைய குரல் பின்னாலிருந்து மூச்சிரைக்க வந்தது.

“அண்ணே, சார் கிளம்புறதுக்குள்ள இன்னும் ஒரு தடவை போயிட்டு வந்துடட்டுமா?”