மூன்றரை மணி நேரம்

“இறங்கிட்டேன்” என்றார் கணவர், போனில்.

ஜோகன்னஸ்பர்க்கில் நல்ல வெயிலாம். பயணம் சுகமாம்.

பிறகு, “எட்வின் வருவான். பெட்டகச் சாவிய அவங்கிட்ட குடுத்துரு.”

வைத்துவிட்டார்.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கணவரும் எட்வினும் முந்திரி ஏற்றுமதியில் பத்து வருடக் கூட்டாளிகள். ஆறு மாதமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கம்பெனிப் பத்திரங்களை இவர் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிக்கொண்டார். அவன் கறுவிக்கொண்டு திரிந்தான். ஒருவழியாகச் சமாதானம் ஆகிவிட்டார்கள் போலிருக்கிறது.

சாவியை எடுக்கப் பீரோவைத் திறந்தாள். எடுத்தாள்.

சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபத்தைந்து.

கை அப்படியே நின்றது.

இங்கே தார் எஸ் சலாமிலிருந்து அவர் போகும் விமானம் கிளம்புவதே ஒன்பது பத்துக்குத்தான்.

மனுஷர் கல்யாண நாளை மறப்பார். மகள் எந்த வகுப்பு என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார். ஆனால் எந்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர், ஆகாயத்தில் எத்தனை நிமிடம் என்பது மட்டும் தலைகீழ்ப் பாடம். சாப்பிட உட்கார்ந்தால் இதைச் சொல்லியே அவள் உயிரை வாங்குவார். ஜோகன்னஸ்பர்க், இரண்டாயிரத்து நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். மூன்றரை மணி நேரம். எதிர்காற்று அடித்தால் பத்து நிமிடம் கூட.

ஒன்றேகால் மணி நேரத்தில் போய் இறங்க அது என்ன அடுத்த தெருவா?

திரும்ப அழைத்தாள். போன் அணைந்து கிடந்தது.

எட்வினுக்கு விமானம் என்றாலே உதறல். எங்கே போவதானாலும் லாரிதான். எவ்வளவு நேரமாகும் என்று அவனுக்கு எங்கே தெரியப்போகிறது? ‘இறங்கிட்டேன்னு சொல்லு’ என்று மிரட்டியிருப்பான். இவரும் சொல்லிவிட்டார், இவள் கணக்குப் பார்ப்பாள் என்று நம்பி.

அவர் விமானம் ஏறவே இல்லை.

சாவியை மறுபடி பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

சாவி இங்கே இருக்கும்வரை அவர் அவனுக்கு வேண்டும்.

கொடுத்த பிறகு?

அழைப்பு மணி அடித்தது.

“மைனி, நாந்தான்.” அதே பழைய சிரிப்பு. “அண்ணன் போன் போட்டிருப்பாரே?”

அவள் கதவைத் திறக்கவில்லை.

“சாவிய அவரு கையிலதான் குடுப்பேன். கூட்டிட்டு வா.”

“அவருதான் ஜோகன்னஸ்பர்க்ல இருக்காரே மைனி.”

“கூட்டிட்டு வா.”

சிரிப்பு நின்றது.

கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் கேட்டது. அப்புறம் காலடிகள் தடதடவென்று படியிறங்கின.

பால்கனிக்கு ஓடினாள்.

கீழே, மாமரத்தடியில், வெள்ளைக் கார். எட்வின் பின்கதவைத் திறந்தான்.

உள்ளே ஒரு முழங்கை தெரிந்தது. காலையில் அவள் இஸ்திரி போட்டுக் கொடுத்த நீலக் கட்டம் போட்ட சட்டை.

நாலே மாடி. இவ்வளவு நேரமும் அவ்வளவுதான் தூரம்.

“ஞானதுரை!”

பதினாறு வருடத்தில் முதல் தடவையாக அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். கூப்பிடவில்லை, அலறினாள்.

தெருவே நிமிர்ந்து பார்த்தது.

எட்வினும் பார்த்தான்.