வரைபடத்தில் தகரமலை

கேத்தலில் தண்ணீர் வைக்கிறேன். பல் துலக்குகிறேன். பிளேன்டீயை நின்றபடியே குடிக்கிறேன். சட்டைக்கு இஸ்திரி போடுகிறேன், முன்பக்கம் மட்டும்.

நூலகம் திறக்க இன்னும் நேரம் இருக்கிறது. உட்கார முடியவில்லை. பதுளை பஸ் நிலையத்தைச் சுற்றி நடந்துவிட்டு வருகிறேன். காவலாளி கதவைத் திறக்கும்போது வாசலில் நிற்கிறேன்.

என் வேலை வரைபடங்கள். ஊவா மாகாணத் தேயிலைத் தோட்டங்களின் பழைய வரைபடங்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிவிட்டோம். பெயரை அடித்தால் படம் வர வேண்டும்.

பெரும்பாலும் படம் வருவதில்லை.

இன்று முதலில் வந்தவர் யேசுரத்தினம். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளி. தங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு ரோடு கேட்டு மனுக் கொடுக்க அவருக்கு ஒரு வரைபடம் வேண்டும். இடம் தகரமலை என்றார்.

அடித்தேன். அப்படி எதுவும் இல்லை என்று திரையில் வந்தது.

“இல்லையா? காலையில அங்கருந்துதாங்க பஸ் ஏறுனேன்.”

நான் வேறு பெயரை அடித்தேன். கிளெனார்டன் தோட்டம், கீழ்ப்பிரிவு. படம் வந்தது.

அவர் திரைக்கு மிக அருகில் குனிந்தார். ஓடையை விரலால் தொட்டுக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்தினார்.

“நம்ம லயந்தான். இது வெள்ளக்காரன் வச்ச பேருங்க. அவன் போயிட்டான், பேரத் தூக்கிட்டுப் போக மறந்துட்டான்.”

நான் அச்செடுத்துக் கொடுத்த பிரதியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

ஒவ்வொரு படத்துக்கும் ‘வேறு பெயர்கள்’ என்று ஒரு கட்டம் உண்டு. எல்லாப் படங்களுக்கும் அது காலி. அதில் தகரமலை என்று அடித்தேன்.

சிற்றம்பலம் சார் எனக்குப் பின்னால் நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர். போன மாதம்தான் பொறுப்பாளராக மாற்றலாகி வந்தார். என்னைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது.

“தம்பி, படத்தில அச்சடிச்ச பேரை மட்டும்தான் போடலாம். நீங்கள் ஒரு பேர் சொல்லுவியள், பக்கத்து லயத்தில இன்னொரு பேர் சொல்லுவினம். இதுக்கு ஒரு முடிவிருக்கோ? அழியுங்கோ.”

விதி அப்படித்தான். மாலையில் எல்லாவற்றையும் கொழும்புக்கு அனுப்புகிறோம். அனுப்பிய பிறகு எதையும் சேர்க்க முடியாது.

எழுந்தேன். ஜன்னல் வரை போனேன். திரும்பி வந்தேன். மறுபடியும் ஜன்னலுக்குப் போனேன்.

“இந்தப் பேரில ஆர் தேடப் போகினம்?”

“அம்புலன்ஸ் டிரைவர், சார்.”

அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். சொன்னேன்.

ஜெசீகா என் மனைவி. தலைப்பிரசவத்துக்குத் தகரமலையில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். குறித்த நாளுக்கு முன்பே வலி வந்தது. பக்கத்து வீட்டு சிடிஎம்ஏ போனில் ஆஸ்பத்திரிக்கு அவளே பேசினாள். டிரைவர் ஊருக்குப் புதியவர். சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் தகரமலை இல்லை. அது கிளெனார்டன் தோட்டம் என்று யாரோ சொல்ல, அவர் மேல்பிரிவுக்கு வண்டியை விட்டார். மேல்பிரிவு வேறு மலை, வேறு பாதை. அன்று நல்ல பனிமூட்டம். வண்டி சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

சார் மவுஸைத் தன் பக்கம் இழுத்தார். அந்தப் பெயரைச் சேமித்தார். அடுத்த படத்தைத் திறந்தார்.

“இதுக்கு என்ன பேர் சொல்லுவினம்?”

சொன்னேன். அடித்தார். அதற்கடுத்ததைத் திறந்தார்.

ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

ஜெசீகா கடைசியாக இயேசுவைக் கூப்பிட்டாள் என்று அவளுடைய அம்மா சூசையம்மா எல்லோரிடமும் சொல்கிறார். இருக்கலாம். நான் அங்கே இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் பேசி முடித்ததும் அவள் எனக்கு எடுத்தாள். வண்டி அதற்குள் கிளம்பியிருந்தது, டிரைவருக்குச் சொல்ல வழியில்லை. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

“தகரமலைய அவங்களுக்குத் தெரியலைங்க. வாசல்ல செவப்புச் சீலை ஒன்னக் கட்டச் சொல்லிட்டேன். வண்டிக்காரர்கிட்ட சொல்லிருங்க, தூரத்துலயே தெரியும்.”