எந்த நாங்க

மில்லின் சாப்பாட்டு அறையில், தகரக் கூரைப் பொத்தல்கள் வழியே வெயில் தட்டுகளில் விழுகிறது. சங்கச் செயலாளர் பெஞ்சின் மேல் ஏறி நிற்கிறார். நாளை முதல் வர வேண்டாம் என்று சொல்லப்பட்ட மூன்று பெண்களுக்காகத் தறிகளை நிறுத்துவோம் என்று சொல்லத்தான் ஏறினார். வாயைத் திறக்கும் நேரம் பார்த்து முதலாளி வந்து, முன்வரிசையில் தொழிலாளர்களை நகரச் சொல்லி நடுவில் உட்கார்கிறார். "பேசுங்க தம்பி, நானும் உங்கள்ல ஒருத்தன்தானே." சாப்பாட்டு டப்பாக்களை மூடிவிட்டு எல்லாரும் செயலாளரைப் பார்க்கிறார்கள். "நாம எல்லாரும்..." என்று ஆரம்பிக்கிறார் செயலாளர். முதலாளி நன்றாகத் தலையாட்டுகிறார். பின்வரிசை முகங்கள் இறுகுகின்றன. செயலாளர் அதை "நாங்க" என்று மாற்றுகிறார். அதை முதலாளியைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். கழுத்து திரும்பமாட்டேன் என்கிறது. தொழிலாளர்களைப் பார்த்துச் சொன்ன "நாங்க" அவர்களை வெளியே தள்ளி, அவரை முதலாளி பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைக்கிறது. அந்த மூன்று பேரில் ஒருத்தி கழுவாத தட்டோடு எழுந்து நிற்கிறாள். "அண்ணே, நாங்கன்னா யாரு?" செயலாளர் அவள் பக்கம் திரும்ப, பெஞ்சு ஆடுகிறது. முதலாளி குனிந்து அதன் காலை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். "பார்த்து, தம்பி. நான் பிடிச்சிருக்கேன்."