சனிக்கிழமை ஊதியவன்

"யாருடி அவன்?"

ஆஸ்பத்திரி லிஃப்டின் கதவு மூடுவதற்குள் அம்மா கேட்டுவிட்டாள். கூட நின்ற இரண்டு நர்ஸுகள் சட்டென்று தலைக்கு மேல் மாறும் எண்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

பதினைந்து வயது மகள் வீங்கிய கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றாள். பத்து நாளாகக் காய்ச்சல். எச்சில் விழுங்கினால் கண்ணில் தண்ணீர் வந்தது. இன்றைக்குத்தான் ரத்தப் பரிசோதனையில் நோய்க்குப் பெயர் கிடைத்திருந்தது: மோனோ.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொல்லியிருந்தார். "இது வைரஸ். ஆன்டிபயாடிக் இதுக்குக் கேக்காது. நிறைய தண்ணி, நிறைய தூக்கம், அவ்வளவுதான். மண்ணீரல் வீங்கியிருக்கு. ஓடறது, விளையாடறது, ஊதறது எதுவும் ஒரு மாசத்துக்கு வேண்டாம். வயித்துல அடி படவே கூடாது. இடது பக்கம் திடீர்னு வலிச்சா உடனே கூட்டிட்டு வாங்க. எச்சில்ல பரவறது. ஒரே டம்ளர், ஒரே ஸ்பூன்..." அங்கேயே நிறுத்தியிருக்கலாம். சிரித்துக்கொண்டே, "முத்த நோய்னு இதுக்கு ஒரு பட்டப்பேர்கூட உண்டு" என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதில் ஒன்றுதான் அம்மாவின் காதில் ஏறியது. தொற்றி ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்துத்தான் காய்ச்சல் வரும்.

வீட்டு மாடிப்படியில், கீழ்வீட்டுக்காரி குப்பைக்கூடையோடு வழிமறித்தாள். "பாப்பாவுக்கு என்னக்கா?"

"காய்ச்சல்."

"அதான் போன சனிக்கிழமை சத்தமே இல்ல. அந்தப் பையனும் வரலபோல."

"எந்தப் பையன்?"

"டிரம்பெட் ஊத வருவானே. உங்க பொண்ணு முதல்ல அழகா ஊதும். அப்புறம் அவன் ஊதுவான், யானைக்கு வயித்துவலி வந்த மாதிரி. ஆளைப் பாத்ததில்லக்கா. ஆனா சத்தத்தை வச்சே அடையாளம் சொல்லிடுவேன்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

அம்மா படியிலேயே நின்று விரல் விட்டு எண்ணினாள். கணக்கு அச்சாகப் பொருந்தியது. சனிக்கிழமை அவளுக்குத் துணிக்கடையில் தையல் வேலை. புருஷனுக்கு பஸ் டியூட்டி, காலை ட்ரிப் முடிந்தால் அடுத்த ட்ரிப் வரைக்கும் டிப்போவில் குறட்டை. வீட்டில் பெண் மட்டும். ஒரே டிரம்பெட், இரண்டு வாய்.

உள்ளே வந்ததும், ஸ்கூல் பேண்டில் மகளுக்குக் கொடுத்திருந்த டிரம்பெட்டின் பெட்டியைக் கையில் எடுத்தாள்.

"நாளைக்கே இதை ஸ்கூல்ல திருப்பிக் குடுக்கறேன். பேண்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

மகளுக்கு அப்போதுதான் முகம் மாறியது. "அம்மா, பேண்டை மட்டும் நிறுத்தாதம்மா."

"அப்போ பேரைச் சொல்லு."

"நான் யாருக்கும் முத்தம் குடுக்கலம்மா."

"பேரு."

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். இன்னும் பத்து நாள் பொறுத்துக்கோயேன். உனக்கே தெரிஞ்சிடும்."

"பத்து நாள்ல என்னடி ஆகப்போகுது?"

அம்மாவின் கை ஓங்கியது. மண்ணீரல் ஞாபகம் வந்தது. கை பாதி வழியில் திரும்ப, பக்கத்திலிருந்த தலையணை வாங்கிக் கட்டிக்கொண்டது.

ஆறு மணிக்கு அப்பா வந்தார். காக்கிச் சட்டையின் முதல் பொத்தானைக் கழற்றுவதற்குள் அம்மா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

"நீங்களே கேளுங்க. உங்க செல்லம்தானே. ரெண்டு மாசமா ஒருத்தன் வீட்டுக்குள்ள வந்து போயிருக்கான், உங்களுக்கும் தெரியல எனக்கும் தெரியல."

அப்பா மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள்.

"டாக்டர் ஏதாவது எழுதிக் குடுத்தாங்களா?"

அம்மா காகிதத்தை நீட்டினாள். அவர் நின்றபடியே வரி வரியாகப் படித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது. வாய்விட்டுப் படித்தார்: "வெளியில் எந்த நோயும் தெரியாத பெரியவர்களின் எச்சிலிலும் இந்த வைரஸ் இருக்கலாம்."

"அதெல்லாம் இப்ப எதுக்குங்க?"

அவர் மகளின் தலையில் கை வைத்தார். "இவ்வளவு திட்டு வாங்கியும் வாயைத் திறக்கலியா நீ?"

மகள் பத்து நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். "சத்தியம்னா சத்தியம்."

"கேளுங்கன்னா கொஞ்சறீங்க" என்றாள் அம்மா.

"அந்தப் பெட்டியை இப்படிக் குடு."

சந்தோஷமாகக் கொடுத்தாள். இவராவது கையோடு கொண்டுபோய் ஒழித்துவிட்டு வரட்டும்.

அப்பா டிரம்பெட்டில் வாய் வைத்து ஊதும் மவுத்பீஸைக் கழற்றி, வாஷ்பேசினில் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினார். துடைத்தார். திரும்ப மாட்டி, டிரம்பெட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

"திருப்பிக் குடுக்கற சாமானை எதுக்குங்க கழுவறீங்க?"

உள்ளேயிருந்து முதலில் வெறும் காற்று வந்தது. அப்புறம் ஒரு பிளிறல். அப்புறம், தட்டுத் தடுமாறி, ஒரு மெட்டு.

தையல் மெஷினில் உட்கார்ந்தால் இருபது வருஷமாக அவள் தன்னையறியாமல் முணுமுணுக்கும் மெட்டு. மூன்றாவது வரியில் அவள் வழக்கமாகத் தப்பாக இழுப்பதைக்கூட விடாமல் இழுத்தது அந்த டிரம்பெட்.

அவள் காலண்டரைப் பார்த்தாள். பத்து நாள் தள்ளி, அவர்களுடைய கல்யாண நாள். வருஷா வருஷம் அவள்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருந்த நாள்.

போன் அடித்தது. கீழ்வீட்டுக்காரி. மூச்சிரைக்க, ரகசியக் குரலில் சொன்னாள்:

"அக்கா, அவனேதான். உள்ளதான் இருக்கான். பிடிச்சுக்குங்க, விட்டுடாதீங்க."